கோர்ன் குழுவின் முதல் ஆல்பம் ஏன் அப்படி ஒலிக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: லிங்கின் பார்க், ஸ்லிப்நாட் ஆகிய அமெரிக்க ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த நீங்கள், மெட்டல் என்னும் கனத்த ராக் இசையோடு ஹிப் ஹாப்பைக் கலந்த நு மெட்டலின் தொடக்கம் என்று எல்லோரும் சொல்லும் கோர்ன் குழுவின் 1994ஆம் ஆண்டு ஆல்பத்தை அண்மையில் முழுவதுமாகக் கேட்டிருக்கிறீர்கள். மெட்டு எதுவும் மனத்தில் நிற்கவில்லை, கிட்டார் தனிவாசிப்பு ஒன்றுகூட இல்லை, அரைகுறையாகப் பதிவு செய்த கூச்சலாகத்தான் தோன்றியது, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் காதில் விழுந்தது சரிதான். அந்த ஆல்பத்தில் முரட்டுத்தனம் இருக்கிறது, செம்மைப்படுத்தாத ஓரங்கள் இருக்கின்றன, சில இடங்களில் சலிப்பும் இருக்கிறது. ஆனால் லிங்கின் பார்க்கின் 2000ஆம் ஆண்டு ஆல்பத்தைக் கேட்டுப் பழகிய காது, கோர்னிடம் அதன் பழைய வடிவத்தைத் தேடுகிறது; அங்கே அது கிடைக்காது. இரண்டுக்கும் நோக்கமே வேறு. கோர்னின் முதல் ஆல்பத்தில் கருவிகளின் ஒலியும் பாடல்களின் பொருளும் ஒரே காயத்திலிருந்து வந்தவை. அந்த ஒலியை மட்டும் தனியே பிரித்து மெருகேற்றியது பின்னால் வந்தவர்களின் வேலை. இதுதான் என் பதில். இனி, அந்த ஒலி எங்கிருந்து, எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

1994இல் மெட்டல் எப்படி இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். மெட்டாலிகா குழுவின் ஆல்பம் 1991இலேயே உலகம் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. பன்டேரா குழுவின் ஆல்பம் 1994 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. இந்த இசையில் பாடுபவர் பெரும்பாலும் வலிமையின் பக்கம் நின்றார். போரைப் பாடினாலும் மரணத்தைப் பாடினாலும் சினத்தைப் பாடினாலும், அடிவாங்கியவனின் குரலாக அது அரிதாகவே ஒலித்தது. திருப்பி அடிக்கப் போகிறவனின் குரலாகவே ஒலித்தது. கிட்டார் தனிவாசிப்பும் அந்த வலிமையின் அடையாளந்தான்: இவ்வளவு வேகமாக, இவ்வளவு சுத்தமாக என் விரல்கள் ஓடும் என்று காட்டும் இடம் அது. மறுபுறம் சியாட்டிலிலிருந்து வந்த கிரஞ்ச் இசை பலவீனத்தையும் தன்வெறுப்பையும் வெளிப்படையாகப் பாடியது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் அதன் முகமாக இருந்த நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தபின் அந்த அலை வடியத் தொடங்கியது. கோர்ன் செய்தது, மெட்டலின் எடையை அப்படியே வைத்துக்கொண்டு பாடுபவரின் இடத்தை மாற்றியதுதான். எடை முழுவதும் இப்போது பாடுபவரின் மேல் இறங்கியது.

குழுவினர் ஐவரும் கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் உள்ள பேக்கர்ஸ்ஃபீல்டில் வேரூன்றியவர்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவில், எண்ணெய்க் கிணறுகளும் வயல்களும் சூழ்ந்த ஊர் அது. இசையில் அதற்கு இருந்த பெயரெல்லாம் பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்டு ஆகியோரின் கன்ட்ரி இசையால் வந்தது. கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஷாஃபர், பேஸ் என்னும் தாழ்சுரக் கிட்டார் வாசித்த ரெஜினால்ட் அர்விசு, டிரம்ஸ் வாசித்த டேவிட் சில்வேரியா ஆகிய மூவரும் எல்.ஏ.பி.டி. என்ற குழுவில் இருந்து, 1991இல் ஒரு ஆல்பமும் வெளியிட்டு, பெரிதாகக் கவனம் பெறாமல் போனவர்கள். இரண்டாவது கிட்டாருக்கு பிரையன் வெல்ச் வந்து சேர்ந்தார். இசைவட்டத்தில் ஷாஃபர் மங்கி என்றும், வெல்ச் ஹெட் என்றும், அர்விசு ஃபீல்டி என்றும் அழைக்கப்படுவதால் நானும் இனி அப்படியே குறிப்பிடுகிறேன். பாடகருக்காக அலைந்துகொண்டிருந்தபோது, பேக்கர்ஸ்ஃபீல்டு மதுக்கூடம் ஒன்றில் செக்ஸார்ட் என்ற உள்ளூர்க் குழுவில் பாடிக்கொண்டிருந்த ஜோனதன் டேவிஸை மங்கியும் ஹெட்டும் கேட்டார்கள். டேவிஸின் தந்தை அதே ஊரில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தியவர். டேவிஸோ, கெர்ன் மாவட்டப் பிணப் பரிசோதனை அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரிந்துகொண்டிருந்தார். இருபது வயதை ஒட்டிய ஒருவர் நாள்தோறும் விபத்திலும் வன்முறையிலும் இறந்தவர்களைக் கையாண்டிருக்கிறார் என்பதை இந்தக் குரலைக் கேட்கும்போது மறக்கக் கூடாது.

இப்போது ஒலிக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் "அரைகுறை" என்று சொன்னதன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மங்கியும் ஹெட்டும் ஏழு கம்பி கிட்டார் வாசித்தார்கள். அது ஸ்டீவ் வாய் என்ற வேகவிரல் மேதைக்காக ஐபனெஸ் நிறுவனம் 1990இல் கொண்டுவந்த யுனிவர்ஸ் என்ற மாதிரி. ஆறு கம்பி கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகள் அதிரும்; ஏழாவது கம்பி 62 வரை இறங்கும். கோர்ன் அதோடு நிற்காமல் எல்லாக் கம்பிகளையும் மேலும் இரண்டு அரைச்சுரம் இறக்கினார்கள். அடிக்கம்பி 55 அதிர்வுகளுக்கு வந்தது. நம் இசைமொழியில் சொன்னால், வழக்கமான கிட்டாரின் அடிச்சுரத்தைப் பஞ்சமமாக வைத்தால், இவர்களுடைய அடிச்சுரம் அதன் கீழே உள்ள சட்ஜம். அதே பருமனுள்ள கம்பியை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் அதன் இறுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தளர்ந்த கம்பியை ஓங்கி அடிக்கும்போது சுரம் ஒரு கணம் மேலேறி, பிறகுதான் தன் இடத்தில் அமர்கிறது. நீங்கள் கேட்ட அந்தக் கொழகொழப்பு, சுரம் வழுக்குவது போன்ற உணர்வு, பதிவின் குறையன்று. தளர்ந்த கம்பியின் இயல்பு அது, அதை அவர்கள் விரும்பியே வைத்துக்கொண்டார்கள். வேகவிரல் வித்தைக்காகப் பிறந்த ஒரு கருவியை எடுத்து, அதில் வித்தை எதுவும் காட்டாமல், கனத்துக்காகவும் அருவருப்புக்காகவும் மட்டுமே பயன்படுத்தியது பெரிய துணிவு என்றே நான் நினைக்கிறேன்.

கிட்டார்கள் அவ்வளவு கீழே இறங்கிவிட்டால் பேஸ் எங்கே போவது? ஃபீல்டி ஐந்து கம்பி பேஸையும் அதே அளவு இறக்கினார். அதன் அடிக்கம்பி 27.5 அதிர்வுகள், மனிதக் காது கேட்கக்கூடிய கீழெல்லைக்கு மிக அருகில். அந்த ஆழத்தில் சுரம் என்று எதுவும் தெளிவாகக் கேட்காது, அதிர்வை உடம்புதான் உணரும். எனவே அவர் சுரத்தை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டார். நடு அலைவரிசைகளைக் குறைத்து, கம்பியைக் கட்டைவிரலால் அறைந்து, அது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கட்டில்) மோதும் சொடக்கொலியை முன்னால் நிறுத்தினார். இதனால் பேஸ் பாதி தாளக்கருவியாகவே மாறிவிடுகிறது. டிரம்ஸுடன் சேர்த்துக் கேட்டால் ஹிப் ஹாப்பின் தாளக்கட்டு எட்டிப்பார்க்கும். அந்தத் தாளக்கட்டு தற்செயலானதன்று. சைப்ரஸ் ஹில் என்ற ஹிப் ஹாப் குழுவின் பதிவுகளில் வரும், திரும்பத் திரும்பச் சுழலும் வினோதக் கீச்சொலிகள் கோர்னின் கிட்டார்காரர்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. இயந்திரத்தில் வெட்டி ஒட்டிச் செய்த அந்த ஒலிகளை இவர்கள் விரலால் வாசிக்க முயன்றார்கள். அதனால்தான் ஒரு கிட்டார் அடியில் உறுமும்போது மற்றொன்று மேலே, கீல் துருப்பிடித்த கதவு போல, இரண்டு மூன்று சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு முனகுகிறது. மிஸ்டர் பங்கிள் குழுவிடமிருந்து கற்ற முரண்சுரச் சேர்க்கைகளும் இதில் உண்டு. சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையிலான அந்த அமைதியற்ற இடைவெளியை அவர்கள் எங்கும் தீர்த்துவைப்பதில்லை, தொங்கவிட்டுவிடுகிறார்கள். மெட்டு மனத்தில் நிற்கவில்லை என்றீர்கள். நிற்கவிடாமல் தடுப்பது இதுதான்.

முதல் பாடலான பிளைண்டை இந்தக் கோணத்தில் மறுபடி கேட்டுப்பாருங்கள். டிரம்ஸின் சிம்பல் என்னும் உலோகத் தட்டு மட்டும் தனியாக ஒலிக்கிறது. ஒரு கிட்டார் சிறிய, கோணலான ஒரு சொற்றொடர் போல நுழைகிறது. மற்றொரு கிட்டார் அதற்குப் பதில் சொல்கிறது. கனம் மெல்ல மெல்லக் கூடுகிறது. எல்லாம் வெடிக்கப்போகும் விளிம்பில் டேவிஸ் தயாரா என்று ஒரே ஒரு கேள்வியைக் கத்துகிறார், அதன்மேல் மொத்தக் குழுவும் விழுகிறது. 1994க்குப் பின் வந்த எத்தனையோ குழுக்கள் இந்த முன்னுரையைப் பிரதியெடுத்திருக்கின்றன. ஆனால் இதில் பொறுமைதான் அழகு. அவசரப்பட்டிருந்தால் அந்த வெடிப்புக்குப் பாதி வலிமைகூட இருந்திருக்காது. இந்தப் பாட்டு டேவிஸ் செக்ஸார்ட் குழுவில் இருந்தபோதே உருவானது என்பதும், இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளரான ராஸ் ராபின்சன் பதிவு செய்த 1993ஆம் ஆண்டு மாதிரிப் பதிவில் இடம்பெற்றது என்பதும் அறிந்துகொள்ள வேண்டியவை.

குரலைப் பற்றி நிறையச் சொல்லலாம், இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது, டேவிஸ் மூச்சை மறைப்பதில்லை. வார்த்தைக்கு முன்னால் இழுக்கும் மூச்சு, முடிந்தபின் நடுங்கும் மூச்சு, எல்லாம் பதிவில் இருக்கிறது. இரண்டாவது, சொல் தீர்ந்துபோகும் இடங்களில் அவர் பொருளற்ற அசைகளுக்குத் தாவுகிறார். இரண்டாவது பாடலான பால் டங்கில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். ஜாஸ் பாடகர்கள் அசைகளைக் கொண்டு விளையாடுவார்கள். டேவிஸிடம் அது விளையாட்டாக இல்லை, திக்குவாய்போல, பேச வராத ஒருவன் தன் தொண்டையோடு மல்லுக்கட்டுவதுபோல இருக்கிறது. பாடல்களின் பொருளும் இதோடு பொருந்திப்போகிறது. ஆறாவது பாடலின் தலைப்பு, எழுத்துமாற்றி எழுதப்பட்ட ஒரு வசைச்சொல். தன்பால் ஈர்ப்புடையவர்களை இழிவுபடுத்தச் சொல்வது. கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு டுரான் டுரான் என்ற பாப் குழுவைக் கேட்ட பள்ளி மாணவனான டேவிஸை நாள்தோறும் அந்தச் சொல்லால்தான் அடித்தார்கள். அந்தச் சொல்லை அவர் தன் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்லிக் கத்துவது, அடித்தவர்களின் குரலையும் அடிபட்டவனின் குரலையும் ஒரே தொண்டைக்குள் கேட்கவைக்கிறது. மெட்டல் ரசிகர்கள் கூடும் அரங்குகளில், அதுவும் அந்த ஆண்டுகளில், இதைப் பாடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை இன்று எளிதில் மறந்துவிடுகிறோம்.

ஏழாவது பாடலான ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ் ஆல்பத்தின் மிகப் புதுமையான பாடல் என்பது என் எண்ணம். டேவிஸ் பள்ளி நாட்களிலிருந்தே வாசித்துவந்த பேக்பைப் என்ற ஊதுகருவியுடன் அது தொடங்குகிறது. பிறகு ஆங்கிலக் குழந்தைப் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஏழு கம்பி கிட்டாரின் கனத்தின்மேல் வைத்து, கடைசியில் அலறலாக மாற்றிவிடுகிறது. நம் மழலையர் பள்ளிகளிலும் கைகோத்துச் சுற்றிவந்து பாடும் ரிங்கா ரிங்கா ரோசஸ் பாட்டு அதில் ஒன்று. குழந்தைகளுக்குக் கற்றுத்தரப்படும் பாட்டுகளுக்குள் கொடிய பொருள் ஒளிந்திருக்கிறது, பெரியவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே கற்றுத்தருகிறார்கள் என்பதுதான் பாடலின் எண்ணம். ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும்: அந்தப் பாட்டு கொள்ளைநோயைப் பற்றியது என்று பலரும் நம்பும் கதையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை; பாட்டு 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தென்படுகிறது, நோய் விளக்கமோ 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. ஆனால் கோர்னின் பாட்டுக்கு அந்த வரலாறு சரியாக இருக்க வேண்டிய தேவையில்லை. பெரியவர்கள் தந்த எதையும் நம்ப முடியாத ஒரு குழந்தையின் பயமே அங்கு பேசுகிறது. இந்தப் பாடலுக்குத்தான் குழுவின் முதல் கிராமி பரிந்துரை கிடைத்தது.

அட்டைப்படமும் இதையே சொல்கிறது. ஊஞ்சலில் ஒரு சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து, வெயிலை மறைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் யாரையோ நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த ஆள் படத்தில் இல்லை, அவனுடைய நிழல் மட்டும் தரையில் நீண்டு விழுந்திருக்கிறது. ஸ்டீஃபன் ஸ்டிக்லர் எடுத்த படம் இது. ரத்தமும் மண்டையோடும் அட்டைகளில் குவிந்திருந்த காலத்தில், எதுவுமே நடக்காத இந்தப் படம் அவை எல்லாவற்றையும்விடக் கொடூரமாக இருந்தது. கிறுக்கல் போன்ற குழுப்பெயரின் எழுத்துகள், அதில் R எழுத்து இடவலம் புரண்டு கிடப்பது, எல்லாம் குழந்தை மெழுகுக்கட்டியால் எழுதியதைப் போன்றவை.

கடைசிப் பாடலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. டேடி என்ற அந்தப் பாடல், குழந்தைப் பருவத்தில் டேவிஸுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையைப் பற்றியது. தலைப்பை வைத்துத் தந்தைதான் குற்றவாளி என்று பலர் தவறாக எடுத்துக்கொண்டார்கள். அது தந்தை இல்லை என்று டேவிஸ் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறார். கொடுமை செய்தவர் வேறொருவர்; அதைச் சொன்னபோது வீட்டில் நம்பவில்லை என்பதே பாடலின் உள்ளே இருக்கும் இரண்டாவது காயம். பாடிக்கொண்டிருக்கும்போதே டேவிஸ் உடைந்துபோகிறார். பாட்டு நின்று, அழுகை மட்டும் எஞ்சுகிறது. தயாரிப்பாளர் ராபின்சன் பதிவை நிறுத்தவில்லை. குழுவினரும் அவரைச் சுற்றி வாசித்துக்கொண்டே போனார்கள். அதுவே ஆல்பத்தில் வந்தது.

இதை வெளியிட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. ஒரு மனிதன் உண்மையாகவே நொறுங்கும் கணத்தை விற்பனைக்கு வைப்பது சரியா என்று தோன்றும். இன்னொரு பக்கம், அதை வெட்டி எடுத்திருந்தால் ஆல்பம் முழுவதும் பேசிய பொருளை முடிவில் மறைத்ததாக ஆகியிருக்கும். சொன்னபோது யாரும் நம்பவில்லை என்று பாடியவனின் வாயை மறுபடி பொத்தியதாகவும் ஆகியிருக்கும். அதனால், இருக்கட்டும் என்று எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். அந்தப் பாடலை டேவிஸ் நெடுங்காலம் மேடையில் பாடாமலே இருந்தார். 20ஆம் ஆண்டையொட்டி ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்த நிகழ்ச்சிகளில்தான் அதைப் பாட முன்வந்தார். ஆனால் அந்தப் பாடலுக்குப்பின் சில நிமிட அமைதி விட்டு, யாரோ ஒரு ஆணும் பெண்ணும் வண்டி உதிரிபாகத்துக்காகச் சண்டையிடும் பழைய ஒலிநாடா ஒன்றை மறைவாகச் சேர்த்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அமைதியோடு ஆல்பம் முடிந்திருக்க வேண்டும்.

பதிவின் தரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாலிபு மலைப்பகுதியில் இருந்த இண்டிகோ ராஞ்ச் என்ற கூடத்தில், 1994 கோடையை ஒட்டிய மாதங்களில் இது பதிவானது. பழங்காலக் கருவிகளும் கிட்டாரின் ஒலியை மாற்றும் விதவிதமான பெடல்களும் நிறைந்த இடம் அது. இமார்டல், எபிக் ஆகிய நிறுவனங்கள் வழியாக அக்டோபர் 11 அன்று வெளியானது. ராபின்சனுக்கும் முழு ஆல்பம் தயாரிப்பதில் இது தொடக்கக் காலம். அவருடைய முறை, சுத்தமான வாசிப்பைத் தேடுவதைவிட, வாசிப்பவரின் உள்ளத்தைக் கிளறி அந்தக் கணத்தைப் பிடிப்பது. அதன் பலனும் விலையும் இரண்டும் இங்கே கேட்கின்றன. டேடியைப் பதிவு செய்ய முடிந்தது அந்த முறையால்தான். அதே வேளையில் ஒன்பதாவது பாடலை ஒட்டி ஆல்பம் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: பிரெடிக்டபிள், ஃபேக், லைஸ் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே நடையில், ஒரே நிறத்தில் வருகின்றன, அவற்றில் ஒன்றைக் குறைத்திருந்தாலும் நட்டமில்லை. உங்கள் சலிப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வெளியானபோது இதற்கு வானொலியும் தொலைக்காட்சியும் பெரிதாக இடம் தரவில்லை. நு மெட்டல் என்ற பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை. மெகாடெத், டான்சிக், ஓசி ஆஸ்பர்ன் போன்றவர்களின் நிகழ்ச்சிகளில் தொடக்கக் குழுவாக வாசித்து, ஊர் ஊராகப் போய்த்தான் இவர்கள் ரசிகர்களைச் சேர்த்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் ஆல்பம் தொட்ட மிக உயர்ந்த இடம் 72 மட்டுமே. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. 1999இல் அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகளுக்கான இரட்டைப் பிளாட்டினச் சான்று பெற்றது.

அதற்குள் இந்த ஒலி எங்கெங்கோ போய்விட்டது. பிரேசிலின் செபல்டுரா குழு 1996இல் ரூட்ஸ் ஆல்பத்தை அதே கூடத்தில், அதே ராபின்சனை வைத்துப் பதிவு செய்தது. ஒரு பாடலில் டேவிஸும் பாடினார். லிம்ப் பிஸ்கிட்டின் 1997ஆம் ஆண்டு முதல் ஆல்பமும், நீங்கள் கேட்டு வளர்ந்த ஸ்லிப்நாட்டின் 1999ஆம் ஆண்டு ஆல்பமும் அதே கூடத்தில், அதே தயாரிப்பாளரின் கையில் பிறந்தவை. சந்தையிலிருந்து மறையவிருந்த ஏழு கம்பி கிட்டார் மறுபடி கடைகளை நிறைத்தது. லிங்கின் பார்க் இந்த வழியில் வந்த திறமையான வாரிசு. கனத்தையும் ராப்பையும் எடுத்து, ஒவ்வொரு பாடலையும் மூன்று நிமிட அளவில் ஒழுங்காகக் கட்டி, எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டைக் கொடுத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களில் மிகப் பலர் தாழ்ந்த சுருதியையும் உடையையும் கூச்சலையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கூச்சலுக்கான காரணத்தை விட்டுவிட்டார்கள். அடிபட்டவனின் குரலாகத் தொடங்கிய இசை, சில ஆண்டுகளில் அடிக்கிறவனின் குரலாக மாறியது எனக்கு இன்றும் வருத்தமளிக்கும் செய்தி.

மறுபடி கேட்க விரும்பினால் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். நல்ல ஹெட்போனில், பேஸின் சொடக்கொலியும் இரண்டு கிட்டார்களின் பிரிவும் தெரியும் அளவில் ஒலியை வைத்து, பிளைண்ட், கிளவுன், ஷூட்ஸ் அண்ட் லேடர்ஸ் ஆகிய மூன்றை மட்டும் இரண்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு மற்றவற்றுக்கு வாருங்கள். டேடியைக் கடைசியாக, தனியாக, வேறு வேலை எதுவும் இல்லாத நேரத்தில் கேளுங்கள். உங்களுக்கோ உங்களோடு கேட்பவருக்கோ அதுபோன்ற அனுபவம் ஏதேனும் இருந்தால் அதைத் தொடாமலே விட்டுவிடுங்கள். முதல் பதினொரு பாடல்களிலேயே இந்த ஆல்பம் தன்னைப் போதுமான அளவு சொல்லிவிடுகிறது.